வெண்ணிலா முடிக்கு நான் சாப்பிட்ட மாத்திரை

என் முப்பத்தாறு வருஷ வாழ்க்கையில் எனக்கு வந்த ஒரே பெரிய வியாதி, எனக்கு வராத வியாதிதான். அதற்காக ஒரு வாரம் நோயாளியாக நடமாடினேன், நாட்டுக்கோழி சாப்பிட்டேன், ஒரு நல்ல மனுஷியை அழவைத்தேன். (அந்த மனுஷி என் மனைவி. அதனால் இந்தக் கதையை நான் சொன்னதைவிட அவள் சொன்னதுதான் அதிகம். என் பக்கத்தையும் ஒரு தடவை எழுதிவிடலாம் என்று பார்க்கிறேன். எழுதினாலும் பெரிதாக ஒன்றும் தேறாது என்று தெரியும்.)

கள்ளக்குறிச்சியில் ஓர் உரக்கடையில் வேலை பார்க்கிறேன். விவசாயிகள் வயலிலிருந்து ஓர் இலையைப் பறித்து, சட்டைப் பையில் மடித்து வைத்துக்கொண்டு வருவார்கள். மரவள்ளி இலை, கரும்புத் தோகை, நெல் தாள். நான் அதை மேசைமேல் விரித்து, பூச்சி பார்க்கிற லென்ஸை வைத்துப் பார்த்து, "ம்" என்பேன். அந்த "ம்" ரொம்ப முக்கியம். அதற்கப்புறம், "இரும்புச்சத்து கம்மிங்க", "துத்தநாகம் கம்மிங்க" என்று சொல்லி, நுண்ணூட்டக் கலவை பாக்கெட்டை எடுத்து வைப்பேன்.

"ரெண்டு மடங்கு போட்டா சீக்கிரம் வளருமா தம்பி?" என்று யாராவது கேட்டால் போச்சு.

"ஜாஸ்தி போட்டா பயிர் கருகிடும்ங்க. பாக்கெட் பின்னாடி எழுதியிருக்கறத படிங்க. எழுதறவன் சும்மாவா எழுதறான்?" என்று வாத்தியார் மாதிரி அதட்டுவேன். இப்படிப்பட்ட அறிவாளிதான் நான்.

எங்கள் குழந்தைக்கு ஐந்து மாதம் ஆனபோது வெண்ணிலாவுக்கு முடி கொட்ட ஆரம்பித்தது. கொட்டியது என்றால் சும்மா கொட்டவில்லை. சீப்பில் முடி, தலையணையில் முடி, தயிர்சாதத்தில் முடி. பாப்பா தூங்கும்போது மூடிய கையைப் பிரித்தால் அதற்குள்ளும் நாலு முடி. வடக்கனந்தலில் பெண் பார்க்கப் போன அன்றைக்கு, காபி டம்ளரை வைத்துவிட்டு அவள் திரும்பி நடந்தபோது, இடுப்புக்குக் கீழே ஆடிய பின்னலைப் பார்த்துத்தான் நான் "சரி" என்றேன். (முகத்தை அதற்கப்புறம்தான் சரியாகப் பார்த்தேன். இதை அவளிடம் சொன்னது என்னுடைய இன்னொரு முட்டாள்தனம்.)

வெண்ணிலா இதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. பி.ஏ. இங்கிலீஷ் படித்தவள், எதையும் நாலு பேர் மாதிரி புலம்ப மாட்டாள். உதிர்ந்த முடியையெல்லாம் உருண்டையாகச் சுருட்டி ஒரு கவரில் போட்டு, பாத்ரூமில் வாளிக்குப் பின்னால் வைத்திருந்தாள். ஒருநாள் அந்தக் கவர் என் கண்ணில் பட்டது. தலையணைக்கு அடைக்கிற அளவுக்கு இருந்தது.

ஒரு புருஷன் அந்த இடத்தில் என்ன செய்திருக்க வேண்டும்? வெளியே வந்து பொண்டாட்டி பக்கத்தில் உட்கார்ந்திருக்க வேண்டும். நான் அந்தக் கவரை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்தேன். எனக்கு அது யாரோ வயலிலிருந்து பறித்து வந்த இலை மாதிரிதான் தெரிந்தது. "ம்" என்றேன். சத்து கம்மி.

மறுநாள் சாயங்காலமே பஸ் ஸ்டாண்டு பக்கம் புதிதாகத் திறந்திருந்த சப்ளிமென்ட் கடைக்குப் போனேன். ஜிம்முக்குப் போகிறவர்கள் புரதப் பவுடர் வாங்குகிற கடை. கடைக்காரர் சட்டைக் கை கிழிந்துவிடும்போல இருந்தார்.

"முடிக்கு எதனா இருக்குங்களா?"

அவர் என் தலையைப் பார்த்தார். பாவப்பட்டார்.

"எனக்கில்லீங்க, என் வூட்டுக்காரம்மாவுக்கு" என்றேன் அவசரமாக.

"எல்லாரும் அப்பிடித்தான் சார் சொல்வாங்க" என்று சொல்லிவிட்டு டப்பாக்களை அடுக்க ஆரம்பித்தார். பயோட்டின். மீன் எண்ணெய். வைட்டமின் ஈ. தோலுக்குக் கொலாஜன் பவுடர். கரடிக்குட்டி வடிவத்தில் சிவப்பாக, மிட்டாய் மாதிரி ஒன்று. ஒவ்வொரு டப்பாவிலும் ஒரு பெண் காற்றில் முடியைப் பறக்கவிட்டுச் சிரித்துக்கொண்டிருந்தாள்.

"எது நல்லா வேலை செய்யும்?"

"எல்லாமே நல்லா வேலை செய்யும் சார்."

நானும் கடையில் இதே பதிலைத்தான் சொல்வேன். அப்போதாவது எனக்கு உறைத்திருக்க வேண்டும். உறைக்கவில்லை. ஒரு பயோட்டின் டப்பாவில் ஆயிரம் என்று போட்டிருந்தது, இன்னொன்றில் ஐயாயிரம், மூன்றாவதில் பத்தாயிரம். ஆயிரம் என்ன, எதில் ஆயிரம் என்றெல்லாம் நான் கேட்கவில்லை. பத்தாயிரம்தானே பெரியது? முடி, தோல், நகம் மூன்றுக்கும் சேர்த்து ஒரே மாத்திரை. ஒன்று வாங்கினால் ஒன்று இலவசம். படத்திலிருந்த பெண்ணுக்கும் பின்னல் வெண்ணிலா பின்னல் மாதிரியே இருந்தது. (பாக்கெட்டில் நெல்மணி படம் பெரிசாக இருக்கிறது என்பதற்காக மருந்து வாங்குகிற ஆட்களை நான் எவ்வளவு திட்டியிருக்கிறேன் தெரியுமா?)

வீட்டுக்கு வந்து இரண்டு டப்பாக்களையும் அவள் முன்னால் வைத்தேன். அவள் பாப்பாவுக்குப் பால் கொடுத்துக்கொண்டிருந்தாள். டப்பாவைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். கண்ணில் ஏதோ ஒன்று அணைந்த மாதிரி இருந்தது. எனக்கு அப்போது புரியவில்லை.

"அவ்ளோ அசிங்கமாவா இருக்கேன்?"

"சேச்சே, அதில்ல. சத்து கம்மி."

"பால் குடுத்துக்கினு இருக்கேன். டாக்டரம்மாவ கேக்காம ஒன்னியும் துன்ன மாட்டேன்."

டாக்டரம்மா என்பவர் எங்கள் தெருமுனையில் கிளினிக் வைத்திருப்பவர். சளியிலிருந்து சர்க்கரை வரைக்கும் அவர்தான். மூக்குக் கண்ணாடியை இறக்கி டப்பாவைப் படித்துவிட்டு, என் பக்கம் தள்ளினார்.

"கொழந்த பொறந்து நாலஞ்சு மாசத்துல முடி கொட்டறது எல்லாருக்கும் நடக்கறதும்மா. ஒரு வருஷத்துல தானா வந்துடும். கீரை, முட்டை, பயறு சாப்பிடு. ஒரு மாசம் கழிச்சி ரத்தமும் தைராய்டும் ஒருதடவ பாத்துக்கலாம். இதெல்லாம் இப்ப வாணாம்."

வெளியே வந்ததும் வெண்ணிலா, "கடையில திருப்பிக் குடுத்துடுங்க" என்றாள். நானும் "சரி" என்றேன். கடைக்காரர் திருப்பி எடுக்கமாட்டேன் என்றார். அதை வீட்டில் சொல்ல வெட்கமாக இருந்தது. "குடுத்துட்டேன்" என்று சொல்லிவிட்டு, இரண்டு டப்பாவையும் எங்கள் உரக்கடையில் துத்தநாக பாக்கெட்டுகளுக்குப் பின்னால் வைத்தேன்.

வைத்ததோடு விட்டிருக்கலாம். ஆனால் தினமும் பாக்கெட் எடுக்கப் போகும்போதெல்லாம் அந்தப் பெண் முடியைப் பறக்கவிட்டுச் சிரித்தாள். எனக்கும் உச்சியில் ஒரு வட்டம் விழுந்திருந்தது. (வட்டம் என்று நான் சொல்வேன். வெண்ணிலா அதை 'கெரவுண்டு' என்பாள்.) வீணாகப் போகக்கூடாது என்று ஒன்று போட்டேன். ஒரு வாரம் பார்த்தேன். ஒன்றும் முளைக்கவில்லை. காலையில் இரண்டு, சாயங்காலம் இரண்டு என்று ஆக்கினேன். என் பங்கு இரண்டு, அவள் பங்கு இரண்டு என்று ஒரு கணக்கு. தலையில் எதுவும் வரவில்லை. முகத்தில் பரு வந்தது. முப்பது வயசுக்கு மேல், ஒரு குழந்தைக்கு அப்பனான பிறகு, பத்தாங்கிளாஸ் படிக்கும்போது வராத பரு.

ஒரு மாதம் கழித்து வெண்ணிலாவுக்கு ரத்தம் கொடுக்கப் போனோம். பரிசோதனைக் கூடத்தில், கணவன் மனைவி சேர்ந்து எடுத்தால் சலுகை என்று ஒட்டியிருந்தார்கள். சலுகை என்றதும் என் கை தானாகச் சட்டையை மடித்துவிட்டுக்கொண்டது.

திங்கட்கிழமை ரிப்போர்ட் வந்தது. வெண்ணிலாவுக்கு எல்லாம் சரியாக இருந்தது. என் தாளில் மட்டும் தைராய்டு வரிகள் எல்லாம் தடித்த எழுத்தில் இருந்தன. ஒன்று ரொம்பக் கீழே, மற்ற இரண்டும் ரொம்ப மேலே.

டாக்டரம்மா தாளை இரண்டு தடவை பார்த்தார்.

"தைராய்டு ஜாஸ்தியா வேலை செய்யுது போல. கைய நீட்டுங்க."

நீட்டினேன். விரல்மேல் ஒரு காகிதத்தை வைத்தார். காகிதம் பட்டாம்பூச்சி மாதிரி அடித்தது. (பயத்தில்தான். யாராவது "ஜாஸ்தி" என்று சொன்னால் எனக்கு நடுங்கும்.) நாடி பார்த்தார். அதுவும் ஓடியது.

"கோவம் ஜாஸ்தியா வருமா?"

நான் வாயைத் திறப்பதற்குள் வெண்ணிலா சொன்னாள். "ஆமாங்க டாக்டர். சும்மா சும்மா எரிஞ்சி வுழுவாரு."

"வேர்க்குமா?"

"குளிச்சிட்டு வந்தாலே வேர்க்கும்ங்க."

"தூக்கம்?"

"கம்மிதாங்க. கொழந்த அழுதா முழிச்சிக்குவாரு." இதைச் சொல்லும்போதே அவள் குரல் தழுதழுத்தது.

"வேற எதனா மாத்திர சாப்பிடறீங்களா? நல்லா யோசிச்சி சொல்லுங்க."

யோசித்தேன். திருப்பிக் கொடுத்துவிட்டதாக நான் சொன்ன மாத்திரை அது. பக்கத்தில் வெண்ணிலா. சத்து மாத்திரை எல்லாம் ஒரு மாத்திரையா என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

"இல்லீங்க" என்றேன்.

அந்த ஒரு வார்த்தைக்குத்தான் இவ்வளவும். சேலத்தில் இருக்கிற தைராய்டு டாக்டருக்கு ஒரு கடிதம் எழுதிக் கொடுத்தார். அங்கே அடுத்த வாரம் புதன்கிழமை வரச் சொன்னார்கள். அதுவரைக்கும் அலட்டிக்கொள்ளாமல் இருக்கச் சொன்னார் டாக்டரம்மா.

அன்றைக்கு வீட்டுக்கு வந்த வெண்ணிலா வேறு வெண்ணிலா. மூன்று வருஷமாக என்மேல் வைத்திருந்த குறைகளையெல்லாம் ஒவ்வொன்றாக எடுத்து மன்னித்தாள்.

"பாப்பாவுக்கு பேர் வெக்கற அன்னிக்கி எங்க அண்ணன்கிட்ட கத்துனீங்களே, அது இதனாலதானா?"

"இருக்கலாம்."

"என் பொறந்தநாள மறந்துட்டீங்களே. ஞாபகமறதி கூட வரும்னு போன்ல போட்டிருக்கு. பாவம், நான் ரெண்டு நாள் பேசாம இருந்தேன்."

நான் தலையைக் குனிந்துகொண்டேன். உண்மையில் எனக்கும் பயம்தான். பாப்பாவைப் பார்க்கும்போதெல்லாம், இதற்கு இன்னும் பல் முளைக்கவில்லையே, என்னை 'அப்பா' என்று கூப்பிடவில்லையே என்று என்னென்னவோ ஓடியது. உடம்புக்குத் தெம்பு வேண்டுமே என்று கடைக்குப் போனதும் அந்த மாத்திரையில் இன்னும் ஒன்று கூடுதலாகப் போட்டேன் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

செவ்வாய்க்கிழமை வடக்கனந்தலிலிருந்து மாமியார் ஒரு கையில் துணிப்பையும் ஒரு கையில் உயிருள்ள கோழியுமாக வந்து இறங்கினார். என் முகத்தைப் பிடித்துத் திருப்பிப் பார்த்தார்.

"மாப்ள, மூஞ்செல்லாம் கட்டி கட்டியா வந்திருக்கே. இதுவும் அந்த நோய்தானா?"

"ஆமாம்மா" என்று வெண்ணிலா மூக்கை உறிஞ்சினாள்.

வியாழக்கிழமை மத்தியானம் கடையில் கூட்டமில்லை. துத்தநாக பாக்கெட்டுகளுக்குப் பின்னாலிருந்து டப்பாவை எடுத்தேன். இரண்டாவது டப்பாவை அன்றைக்குத்தான் திறந்தேன். மூடியைத் திருகியதும் மடித்து வைத்த ஒரு துண்டுக் காகிதம் வெளியே விழுந்தது. முதல் டப்பாவில் வந்ததைப் பிரிக்காமலேயே எறிந்திருந்தேன். இதையும் எறியத்தான் போனேன். மேசைமேல் லென்ஸ் கிடந்தது. சும்மா இருக்கிறோமே என்று வைத்துப் பார்த்தேன்.

கட்டெறும்பு கால் அளவுக்கு எழுத்து. எனக்குத் தெரிந்த இங்கிலீஷில் தட்டுத்தடுமாறிப் படித்தேன். ரத்தப் பரிசோதனை முடிவுகளை இந்த மாத்திரை மாற்றிக் காட்டலாம், குறிப்பாகத் தைராய்டு பரிசோதனையை. பரிசோதனைக்கு முன் டாக்டரிடம் தெரிவிக்கவும்.

மூன்று தடவை படித்தேன். எழுந்து போய் யூரியா மூட்டையைக் கட்டிப்பிடித்துக்கொள்ளலாம்போல இருந்தது. நோய் இல்லை! எனக்கு நோயே இல்லை!

அப்படியே வீட்டுக்கு ஓடினேன், சொல்லிவிடலாம் என்றுதான் ஓடினேன். சத்தியமாக. உள்ளே நுழைந்தால் வெண்ணிலா துவைக்கிற கல்லுக்கு முன்னால் குந்தியிருந்தாள். பாப்பா துணியைக் கசக்கிக்கொண்டே தோளில் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் எழுந்து, ஈரக் கையைப் புடவையில் துடைத்துவிட்டு என் நெற்றியில் வைத்தாள்.

"ஏன் வெயில்ல வந்தீங்க? படபடன்னு வருதா?"

அந்தக் கை அவ்வளவு குளிர்ச்சியாக இருந்தது. திறந்த வாய் மூடிக்கொண்டது. அப்போதுதான் என் மூளை ஒரு திட்டம் போட்டது. மாத்திரையை இன்றோடு நிறுத்திவிடுவது. புதன்கிழமை சேலத்தில் ரத்தம் எடுத்தால் தானாகச் சரியாகியிருக்கும். கடவுள் கண்ணைத் திறந்தார் என்று எல்லோரும் சந்தோஷப்படுவார்கள். மாத்திரை விஷயம் துத்தநாகத்தோடு போகும். யாருக்கும் நஷ்டமில்லை. (இப்படித்தான் நான் நினைத்தேன். எழுதும்போது கை கூசுகிறது.)

அன்றைக்குக் கோழிக் குழம்பு. ஈரலை எனக்கு வைத்தாள்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் மாமியார், "மலைக்கு ஒருதடவ போயிட்டு வந்துடலாம் மாப்ள. எங்க வூட்டு வேண்டுதலெல்லாம் அங்கதான்" என்றார். கல்வராயன் மலைமேல், வெள்ளிமலை போகிற வழியில் ஒரு சின்ன அம்மன் கோயில். பொங்கல் வைத்துக் கும்பிட்டுவிட்டு வருவார்கள் என்று நினைத்துக்கொண்டு நானும் கிளம்பினேன். பஸ் கச்சிராயபாளையம் தாண்டி வளைந்து வளைந்து ஏறியது. பாப்பா என் சட்டையில் இரண்டு தடவை வாந்தி எடுத்தாள். வெண்ணிலா வழியெல்லாம் ஜன்னலைப் பார்த்துக்கொண்டே வந்தாள். மலைக்காற்றுக்குப் பின்னலிலிருந்து முடி பிரிந்து பிரிந்து என் முகத்தில் வந்து விழுந்தது.

கோயிலுக்கு வெளியே பலா மரத்தடியில் மொட்டை போடுகிறவர் ஒருவர் கத்தியைத் துடைத்துக்கொண்டிருந்தார். மாமியார் நேராக அவரிடம் போனார்.

"யாருக்கும்மா? கொழந்தைக்கா?" என்று அவர் பாப்பாவைப் பார்த்துச் சிரித்தார்.

"எனக்குங்க" என்று சொல்லிவிட்டு வெண்ணிலா பலகைமேல் உட்கார்ந்தாள். துண்டைத் தோளில் போட்டுக்கொண்டாள். பின்னலை அவிழ்த்தாள்.

எனக்கு முதலில் விளங்கவில்லை. "இன்னா வெண்ணிலா இது?"

"நீங்க நல்லாவணும்னு திங்கக்கெழமையே வேண்டிக்கினேன். நீங்க சும்மா இருங்க, அலட்டிக்காதீங்க."

அவர் ஒரு சொம்புத் தண்ணீரை அவள் தலையில் ஊற்றிவிட்டார். எந்த முடி ஒவ்வொன்றாகப் போகிறதே என்று வாளிக்குப் பின்னால் ஒளித்து வைத்து அழுதாளோ, அந்த முடி மொத்தமாக நனைந்து தரையைத் தொட்டது. அவர் கத்தியை எடுத்தார்.

"நிறுத்துங்க!" என்று கத்தினேன். பாப்பா திடுக்கிட்டு அழுதாள். "எனக்கு நோயே இல்ல! எனக்கு ஒன்னியும் இல்ல!"

மாமியார் ஓடிவந்து என் கையைப் பிடித்தார். "மாப்ள, படபடப்பு வந்துட்ச்சா? உக்காருங்க உக்காருங்க. யாராச்சும் தண்ணி குடுங்க!"

"படபடப்பு இல்லீங்க அத்த. மாத்திர! முடி மாத்திர!"

"பெனாத்தறாரே" என்று மாமியார் கண் கலங்கினார். பொங்கல் வைத்துக்கொண்டிருந்த இரண்டு குடும்பம் கரண்டியோடு எழுந்து வந்துவிட்டது. யாரோ ஒருவர் என் மூக்கருகே எலுமிச்சம்பழத்தைக் கொண்டு வந்தார். நான் எவ்வளவு உண்மை பேசினேனோ அவ்வளவு முற்றிய நோயாளியாகத் தெரிந்தேன். கடைசியில் பர்சைத் திறந்து, அந்தத் துண்டுக் காகிதத்தை எடுத்து வெண்ணிலாவிடம் நீட்டினேன். சேலத்து டாக்டரிடம் தனியாகக் காட்ட மடித்து வைத்திருந்தது.

அவள் படித்தாள். லென்ஸ் இல்லாமல், தடுமாறாமல், ஒரே தடவை. நனைந்த முடியிலிருந்து காகிதத்தில் சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விழுந்தது. அப்புறம் நிமிர்ந்தாள். திருப்பிக் கொடுக்காதது ஏன் என்று கேட்பாள், எதற்குத் தின்றாய் என்று கேட்பாள் என்று பதில்களை அடுக்கி வைத்திருந்தேன். அவள் கேட்டது ஒன்றே ஒன்று.

"எப்பலேந்து தெரியும்?"

"வியாழக்கெழம."

"இன்னிக்கி ஞாயித்துக்கெழம." காகிதத்தை மடித்தாள். "மூணு நாளா நான் அழுவறத பாத்துக்கினே கோழி துன்னியா நீ?"

கல்யாணமானதிலிருந்து முதல் தடவையாக அவள் வாயில் 'ங்க' இல்லை. பத்தாயிரம் மாத்திரை செய்யாததை அந்த ஒரு 'நீ' செய்தது. என் தலையிலிருந்து கால் வரைக்கும் ஒவ்வொரு மயிரும் எழுந்து நின்றது.

மாமியாருக்கு இப்போதுதான் விஷயம் இறங்கியது. என்னை விட்டுவிட்டு மகளிடம் போனார். "எழுந்திரு வெண்ணிலா. நோயில்லன்னா வேண்டுதலும் இல்ல. அம்மன் தப்பா எடுத்துக்க மாட்டா. வா."

கத்திக்காரர் கத்தியை இடக்கைக்கு மாற்றினார். "போடலாமா வாணாமாம்மா? சொல்லிட்டீங்கன்னா நல்லாருக்கும்."

வெண்ணிலா ஈர முடியை முன்னால் போட்டு விரலால் கோதினாள். கோதியதும் கையோடு ஒரு கொத்து வந்தது. அதைப் பார்த்தாள். அதைச் சுருட்டவில்லை, கீழே விட்டுவிட்டாள்.

"போடுங்க."

"வெண்ணிலா, வாணாம்" என்றேன். "எனக்காவ வாணாம்."

"உனக்காவ இல்ல. தெனம் எழுந்து எத்தினி போச்சின்னு எண்ணி எண்ணி எனக்குப் போதும்னு ஆயிட்ச்சி. பாப்பா வாயில போவுது, சோத்துல வுழுது. இதப் புடிச்சி வெச்சிக்கினு யாருக்குக் காட்டப்போறேன்?" கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "ரெண்டு டப்பா வாங்கியாந்தியே. கொட்டினா கொட்டட்டும், நீ நல்லாத்தான் இருக்கன்னு ஒரு வார்த்த சொன்னியா?"

நான் சொல்லவில்லை. இத்தனை நாளில் ஒரு தடவைகூட அது எனக்குத் தோன்றவே இல்லை.

கத்தி சரக் சரக்கென்று நடந்தது. பாப்பாவை இடுப்பில் வைத்துக்கொண்டு நின்றேன். ஒவ்வொரு கொத்தாக விழ விழ, உள்ளேயிருந்து யாரோ ஒரு சின்னப் பெண் வெளியே வந்துகொண்டிருந்தாள். இடது காதுக்குப் பின்னால் ஒரு மச்சம் இருந்தது. மூன்று வருஷம் பக்கத்திலேயே படுத்திருந்தும் எனக்குத் தெரியாத மச்சம். முடிந்ததும் அவள் தலையைத் தடவிப் பார்த்துக்கொண்டாள். பெரிய மூட்டையை இறக்கி வைத்தவள்போல ஒரு மூச்சு விட்டாள்.

பாப்பா அவளை உற்றுப் பார்த்தாள். கீழுதடு பிதுங்கியது. இதோ அழப்போகிறாள் என்று நினைத்தேன். வெண்ணிலா கையை நீட்டி, "இன்னாடி, அம்மாவ தெரியலியா?" என்றாள். குரல் கேட்டதும் தாவிப் போய், இரண்டு கையாலும் அந்த மொட்டைத் தலையைப் படபடவென்று தட்டி, கிளுகிளுவென்று சிரித்தாள். வெண்ணிலாவும் சிரித்தாள். ஒரு வாரத்துக்கு அப்புறம்.

"நல்லாத்தான் இருக்க வெண்ணிலா" என்றேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை.

"இப்ப சொல்லு" என்றாள். ஆனாலும் தலையை ஒருதடவை திருப்பி, "சந்தனம் சரியா பூசியிருக்கா பாருங்க" என்றாள். அந்த 'ங்க' திரும்ப வந்ததில் எனக்குக் கண் கலங்கிவிட்டது.

உணர்ச்சிவசப்பட்டு நானும் போய்ப் பலகைமேல் உட்கார்ந்தேன். "எனக்கும் போடுங்க." கத்திக்காரர் என் உச்சியைப் பார்த்துவிட்டு, எங்கே ஆரம்பிப்பது என்று யோசித்தார்.

"அவருக்கு வாணாங்க" என்றாள் வெண்ணிலா. "அவரு அப்பிடியே இருக்கட்டும். எனக்கு மட்டும் ஏன் மொட்டன்னு எல்லாரும் கேக்கணும். நான் சொல்லணும்."

சொன்னாள். இறங்கும்போது பஸ்ஸிலேயே ஆரம்பித்துவிட்டாள். பக்கத்து சீட்டு அம்மா, "வூட்டுக்காரருக்கு உடம்பு சரியில்லையா கண்ணு?" என்று அக்கறையாகக் கேட்க, "ஆமாங்க. முடி வளர மாத்திர துன்னாரு, அதுல ஒரு நோய் வந்துட்ச்சி. வராத நோய்" என்று அடக்கமாக விளக்கினாள். பஸ் மலையடிவாரத்துக்கு வருவதற்குள் கண்டக்டர் வரைக்கும் தெரிந்துவிட்டது.

புதன்கிழமை சேலத்தில் எல்லாவற்றையும் ஒப்புவித்தேன். அந்த டாக்டர் சிரிக்காமல் கேட்டுக்கொண்டு, ரத்தம் எடுக்கச் சொன்னார். எல்லாம் சரியாக இருந்தது. எங்கள் டாக்டரம்மாதான் திட்டினார். "உங்கள நம்பி நான் தைராய்டுக்கு மாத்திர ஆரம்பிச்சிருந்தேன்னா இன்னா ஆயிருக்கும்? கேட்டேனா இல்லியா?" "கேட்டீங்க" என்றேன். இப்போதெல்லாம் அவர் வெறுமனே மாத்திரை சாப்பிடறீங்களா என்று கேட்பதில்லை. "சத்து மாத்திர, முடி மாத்திர, மிட்டாய் மாதிரி இருக்கறது, எதனா?" என்று கேட்டுவிட்டு, கூடவே ஒரு உரக்கடைக்காரர் கதையும் சொல்கிறாராம். உரக்கடைக்காரர் பேரைச் சொல்வதில்லை. தெருவில் உரக்கடைக்காரன் நான் ஒருவன்தான்.

கடையிலும் நிம்மதியில்லை. நுண்ணூட்டக் கலவை எடுத்து வைத்தால், தியாகதுருகத்திலிருந்து வருகிற பெரியவர்கூட பாக்கெட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "தம்பி இத துன்னு பாத்துட்டீங்களா?" என்கிறார்.

பாப்பா இப்போது யு.கே.ஜி. படிக்கிறாள். டாக்டரம்மா சொன்ன மாதிரியே வெண்ணிலாவுக்கு முடி தானாக வந்தது. முதலில் புல் மாதிரி, அப்புறம் சுருள் சுருளாக, இப்போது பழையபடி இடுப்புக்குக் கீழே. முன்னைவிட அடர்த்தி என்று மாமியார் சொல்கிறார். நான் சொல்வதில்லை. முடி எப்படி இருந்தாலும், காலையில் அவள் தலை வாரும்போது அந்தப் பக்கமாகப் போனால், "நல்லாருக்க" என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போகிறேன். சில நாள் தலையே வாராமல் இருக்கும்போதும் சொல்லி, "பாத்துட்டு சொல்லுங்க" என்று வாங்கிக் கட்டிக்கொள்கிறேன்.

போன மாதம் எங்கள் சொந்தத்தில் ஒரு கல்யாணம். பந்தியில் பக்கத்தில் உட்கார்ந்த ஓர் அக்கா, வெண்ணிலாவின் பின்னலை எடுத்து உள்ளங்கையில் வைத்து எடை பார்த்தாள்.

"இன்னா முடிடி இது! அப்பிடி இன்னா சாப்பிடற நீ? எனக்கும் சொல்லேன்."

எதிர் வரிசையில் நான் வாழையிலைக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டேன். வெண்ணிலா அவசரப்படவில்லை. அப்பளத்தை நொறுக்கி, சாம்பாரை விட்டுப் பிசைந்து, ஒரு வாய் சாப்பிட்டு, அப்புறம் இடது கையால் என்னைக் காட்டினாள்.

"நான் ஒன்னியும் சாப்பிடலக்கா. அவருதான் சாப்பிட்டாரு."